சோறு எப்போது உடம்பாகிறது?

குழம்போ மோரோ ஊற்றாத வெறும் சோற்றை ஒரு வாய் போட்டு, விழுங்காமல் மென்றுகொண்டே இருங்கள். ஒரு நிமிடம் போனதும் நாக்கு லேசாக இனிக்கும். உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்ற நொதி, அரிசியின் மாவுச்சத்தை வெட்டிச் சர்க்கரையாக்குகிறது. அந்த ருசிதான் அது. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுகிற காலைகளில் இந்த இனிப்பு நமக்குத் தட்டுப்படுவதே இல்லை.

விழுங்கிய கவளம் சில நொடிகளில் இரைப்பைக்கு வந்துவிடும். அதன் பிறகு நடப்பதை மனிதன் கண்ணால் பார்த்ததற்குக் காரணம் ஒரு விபத்து. 1822 ஜூன் 6 அன்று அமெரிக்காவின் மெக்கினா தீவில், விலங்குத்தோல் வணிகம் செய்த கம்பெனியின் கடையில் துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கனடியத் தொழிலாளியின் இடது விலாவுக்குக் கீழே குண்டு பாய்ந்தது. ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட் அவரைப் பிழைக்க வைத்தார். ஆனால் இரைப்பையில் விழுந்த ஓட்டை மூடவே இல்லை.

1825 ஆகஸ்ட் 1, நண்பகல். இறைச்சித் துண்டுகள், பழைய ரொட்டி, பச்சை முட்டைக்கோஸ் எல்லாவற்றையும் பட்டு நூலில் கட்டி அந்த ஓட்டை வழியாக உள்ளே இறக்கினார் போமான்ட். ஒரு மணி நேரம் கழித்து இழுத்துப் பார்த்தபோது கோஸும் ரொட்டியும் பாதி கரைந்திருந்தன. இறைச்சி அப்படியே இருந்தது. இன்னொரு நாள் இரைப்பை நீரைப் புட்டியில் எடுத்து, உடம்புச் சூட்டிலேயே வைத்து, அதில் இறைச்சியைப் போட்டார். வெளியில் இருந்தபோதும் அது கரைந்தது. அப்படியானால் இரைப்பை வெறும் ஆட்டுக்கல் இல்லை, அங்கே ரசாயன வேலையும் நடக்கிறது என்பது தெளிவானது. 1833-ல் அவர் நூலாக வெளியிட்டபோது அதில் 238 சோதனைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் ஏழை மனிதரின் வயிறு இருந்தது. 1880-ல் செயின்ட் மார்ட்டின் இறந்தபோது, மருத்துவர்கள் உடலை அறுத்துவிடக் கூடாதென்று குடும்பத்தார் அதை அழுக விட்டு, ஆழக் குழி தோண்டிப் புதைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரைப்பையில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பெப்சினும் சேர்ந்து பருப்பின், மீனின் புரதத்தைச் சிதைக்கின்றன. ஓரிரு மணி நேரத்தில் சாப்பாடு கூழாகிறது. ஆனால் அது இன்னும் உடம்பைச் சேரவில்லை. வீட்டுச் சுவருக்குள் ஓடுகிற குழாய்த் தண்ணீர், குழாயைத் திறக்கும்வரை குடத்துக்கு வராதல்லவா? அதே நிலைதான். திறப்பு சிறுகுடலில் இருக்கிறது.

பெருவிரல் தடிமனில் ஏறத்தாழ 6 மீட்டர் நீளம் சுருண்டு கிடக்கிறது சிறுகுடல். இரைப்பையிலிருந்து புளிப்பாக இறங்கும் கூழை முதலில் கணையநீர் தணிக்கிறது. தாளித்த எண்ணெயைப் பித்தநீர் பிரிக்கிறது, எண்ணெய்ச் சட்டியில் சோப்புத் தண்ணீர் செய்கிற வேலை போல. பிறகு நொதிகள் எல்லாவற்றையும் மிகச் சிறிய துணுக்குகளாக்கும். உள்சுவர் முழுக்கத் தேங்காய்ப்பூத் துவாலையின் பரப்பைப் போலக் குடலுறிஞ்சிகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் உயரம்கூடத் தேறாது. இவற்றை விரித்தால் டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று வெகுகாலம் எழுதிவந்தார்கள். 2014-ல் சுவீடன் ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது சுமார் 30 சதுர மீட்டர்தான் வந்தது. பரப்பு சுருங்கியதால் வியப்பு குறைந்துவிடவில்லை. இந்தச் சுவரின் மேல்தோல் செல்கள் சில நாள்தான் வாழ்கின்றன. போன வாரச் சாப்பாட்டை உறிஞ்சிய சுவர் இன்று பெரும்பாலும் புதுச்சுவர்.

தண்ணீர்க் கணக்குதான் என்னை மிகவும் அசர வைக்கிறது. நாம் உண்பதிலும் குடிப்பதிலுமாக ஒரு நாளில் சுமார் 2 லிட்டர் உள்ளே போகிறது. எச்சில், இரைப்பை நீர், பித்தம், கணையநீர் என்று உடம்பே ஏறக்குறைய 7 லிட்டரைக் குடலுக்குள் கொட்டுகிறது. அதில் பெரும்பகுதியைச் சிறுகுடலும், மிச்சத்தைப் பெருங்குடலும் மீட்டு எடுத்துக்கொள்கின்றன. மலத்தோடு போவது ஒரு டம்ளருக்கும் குறைவு.

காலராவில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. கிருமியின் நச்சு, நீரைக் குடலுக்குள் திறந்துவிடுகிறது. சில மணி நேரத்திலேயே ஆள் வற்றிப்போகலாம். ஆனால் ஒரு வாசலை மட்டும் அந்த நச்சால் அடைக்க முடிவதில்லை. குளுக்கோஸும் உப்பிலுள்ள சோடியமும் கைகோத்துக் குடல் செல்லுக்குள் போகின்றன என்ற விளக்கத்தை 1960-ல் ஆய்வாளர் ராபர்ட் கிரேன் முன்வைத்தார். அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போகிறது. அரிசிக் கஞ்சியில் உப்புச் சேர்த்தாலும் அதே வாசல்தான்; மாவுச்சத்து உள்ளே குளுக்கோஸாகிவிடும்.

1971, வங்கதேசப் போர். மேற்கு வங்கத்தின் போங்கான் அகதி முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மகலனோபிஸ் குளுக்கோஸையும் உப்பையும் சமையல் சோடாவையும் அளந்து தண்ணீரில் கரைத்து, குழாய் வைத்த பீப்பாய்களில் நிரப்பினார். நூற்றுக்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் அந்த எண்ணிக்கை 4-க்கும் கீழே இறங்கியது. ஊற்றிக் கொடுக்க நர்சுகள் போதவில்லை. நோயாளியின் தாயும் அக்காவும் தம்பியுமே தரையில் உட்கார்ந்து, கோப்பையில் பிடித்துவந்து கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார்கள்.