பழைய கோயிலுக்குப் புது லோகோ: எதை வரைவது, எதை விடுவது?

ஒரு பழைய சர்ச்சுக்கு நூற்றைம்பதாவது ஆண்டு வருகிறது என்றால் கமிட்டி கூடும். மலர் போடணும், பெயிண்ட் அடிக்கணும், அப்புறம் யாராவது ஒருத்தர், “புதுசா ஒரு லோகோ பண்ணிடலாமே” என்பார். சபையில் கம்ப்யூட்டர் தெரிந்த பையன் ஒருவனிடம் வேலை போகும். அவன் கொண்டுவருவதை இப்போதே சொல்லிவிடலாம்: நடுவில் ஆலயத்தின் நிழலுருவம், மேலே புறா, கீழே திறந்த வேதாகமம், பின்னால் உதிக்கிற சூரியன், சுற்றிலும் வட்டமாகப் பெயரும் ஆண்டும். பிளெக்ஸில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். வாட்ஸ்அப் டிபியில் ஒரு கறுப்புப் புள்ளி.

பையன் மேல் தப்பில்லை. “எங்களுக்கு ஒரு படம் வேணும்” என்றுதான் கேட்டார்கள், படம் கொடுத்தான். கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: இந்தச் சபையை மற்றவற்றிலிருந்து பிரித்துக்காட்டுகிற ஒரே விஷயம் எது? இதற்குப் பதில் கிடைக்காமல் பென்சிலைத் தொடக்கூடாது. திண்டுக்கல்லை வைத்தே இதைப் பார்க்கலாம்.

சின்னம் என்றால் என்னவென்று தெரிந்த ஊர்

1973 மே மாதம் திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல். அதற்கு முந்தைய அக்டோபரில் எம்.ஜி.ஆர். தொடங்கிய அ.தி.மு.க. சந்தித்த முதல் பெரிய தேர்தல் அது. வேட்பாளர் மாயத்தேவர், சின்னம் இரட்டை இலை. ஜெயித்தார். அன்றைக்கு இந்தத் தொகுதியில் அறிமுகமான சின்னம் அரை நூற்றாண்டு தாண்டியும் நிற்கிறது.

டிசைன் படிக்கிறவர்களுக்கு இதில் பாடம் இருக்கிறது. சுண்ணாம்பும் பிரஷ்ஷும் இருந்தால் எவரும் சுவரில் இரட்டை இலையை வரைந்துவிடலாம். கலர் வேண்டாம், எழுத்து வேண்டாம், தூரத்திலிருந்தே புரியும். ஆலயச் சின்னத்துக்கும் இதே பரிட்சைதான். ஞாயிறு பள்ளிப் பிள்ளை பார்க்காமல் வரைய முடியணும். ரசீதுப் புத்தகத்தின் மூலையில் ஒரே மையில் அச்சாகணும்.

கூடவே ஒரு எச்சரிக்கையும் உண்டு. தமிழ்நாட்டில் உதயசூரியன், இலை, தாமரை எதுவுமே வெறும் படமில்லை. மனசில் நீதியின் சூரியனை நினைத்துத்தான் வரைவீர்கள். தெருவில் போகிறவர் வேறு ஒன்றைப் படிப்பார்.

கத்தோலிக்க வழி: விதி இருக்கிறது, பெயர்தான் பிரச்சினை

திண்டுக்கல் நகரத்தின் புனித வளனார் ஆலயம் 1866-க்கும் 1872-க்கும் இடையில் கட்டப்பட்டது. 2003-ல் திருச்சி மறைமாவட்டத்திலிருந்து திண்டுக்கல் மறைமாவட்டம் பிரிந்தபோது இது பேராலயமானது. பங்கு ஆலயம் பேராலயமாவது என்பது, அடையாளம் என்ற கோணத்தில், சின்ன மாற்றமில்லை.

கத்தோலிக்கத் திருச்சபையில் ஆயருடைய சின்னத்துக்கு மரபு விதிகள் உண்டு. நடுவில் கேடயம், பின்னால் சிலுவை, மேலே பச்சைத் தொப்பி, இருபுறமும் ஆறு ஆறு குஞ்சங்கள், கீழே பட்டையில் விருதுவாக்கு. குஞ்சம் பத்துப் பத்தாக இருந்தால் பேராயர். தொப்பி சிவப்பாகி குஞ்சம் பதினைந்து பதினைந்தானால் கர்தினால். ஆனால் அது ஆயருடைய சின்னம். ஆயர் மாறினால் அதுவும் மாறும். எனவே ஆலயத்தின் முகமாக அதை வைக்க முடியாது.

அதைவிடக் கடினமான கேள்வி: பலகையில் என்ன பெயர் எழுதுவது? ஒரே புனிதருக்குத் தமிழில் மூன்று பெயர்கள். பழைய கத்தோலிக்க வழக்கில் சூசையப்பர். புராட்டஸ்டன்ட் வேதாகமத்தில் யோசேப்பு. வளன் என்பது வீரமாமுனிவர் தேம்பாவணியில் தன் காப்பியத் தலைவனுக்கு வைத்த பெயர்; இன்றைக்கு அது ‘வளனார்’ என்று பலகைகளில் இருக்கிறது. அதிகாரப்பூர்வமாக வளனார் சரிதான். ஆனால் ஊரில் ஒரு பாட்டி “சூசையப்பர் கோயில்” என்று சொன்னால், அவருடைய வாயில் இருக்கிற பெயருக்கும் பலகைக்கும் தூரம் விழுந்துவிட்டது என்று அர்த்தம். எந்த ஃபாண்ட் போட்டாலும் அந்தத் தூரம் குறையாது. இரண்டு பெயருக்கும் இடம் கொடுப்பதுதான் வழி: பெரிதாக ஒன்று, அடியில் சிறிதாக மற்றொன்று.

சி.எஸ்.ஐ. வழி: யாருக்கும் சொந்தமில்லாத பூ

இன்னொரு வரலாறு அமெரிக்கன் மிஷனுடையது. யாழ்ப்பாணத்தில் இருந்த அமெரிக்கன் போர்டு மிஷனரிகள் 1834-ல் மதுரைக்கு வந்தார்கள். 1830-களிலேயே திண்டுக்கல்லிலும் வேலை ஆரம்பமானது. இவர்கள் காங்கிரிகேஷனல் மரபினர். ஆயர் கிடையாது, அங்கி அலங்காரம் பெரிதாகக் கிடையாது, வெறுமைதான் அவர்களுடைய அழகு. இந்தச் சபைகள் 1908-ல் பிரஸ்பிட்டேரியன் சபைகளோடு சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபை ஆயின. பிறகு 1947 செப்டம்பர் 27-ல் சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளோடு ஒன்றாகி சி.எஸ்.ஐ. பிறந்தது.

இப்போது டிசைனர் நிலையிலிருந்து யோசித்துப் பாருங்க. ஆயர் வேண்டும் என்றவர்களும் வேண்டவே வேண்டாம் என்றவர்களும் ஒரே கூரைக்கு வந்தாச்சு. யாருடைய சின்னத்தைப் போடுவது? எதைப் போட்டாலும் மற்றவர் தோற்ற மாதிரி இருக்கும்.

சி.எஸ்.ஐ. சின்னம் இதைக் கடந்த விதம் பிரமாதம். நடுவில் சிலுவை. அதைச் சுற்றித் தாமரை இதழ்கள். இதழ்களோடு கலந்து சிவப்பில் அக்கினி நாவுகள், அதாவது பரிசுத்த ஆவி. சுற்றிலும், எல்லாரும் ஒன்றாயிருக்க வேண்டும் என்கிற யோவான் 17-ஆம் அதிகார ஜெபம். சேற்றில் வேர், வெயிலில் மலர்ச்சி, அதனால் கிருபையைச் சார்ந்த வாழ்க்கை என்று தாமரைக்கு விளக்கம் சொல்வார்கள். என் கண்ணுக்கு அதைவிட முக்கியமானது வேறு: சேர்ந்த சபைகளில் எதுவும் தாமரையை ‘எங்களுடையது’ என்று உரிமை கொண்டாட முடியாது. பூ இந்த மண்ணிலிருந்து வந்தது. அதனாலேயே யாரும் தோற்கவில்லை.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. அதே சின்னம் கன்னியாகுமரியிலும் திண்டுக்கல்லிலும் ஐதராபாத்திலும் இருக்கிறது. உள்ளூர்ச் சபைக்கு அது குடும்பப் பெயர் மாதிரி. சொந்தப் பெயர் தனியாகத் தேட வேண்டும்.

கட்டிடத்தை வரைவதில் என்ன தப்பு?

சொந்தப் பெயர் தேடும்போது கை உடனே போவது கோபுரத்துக்குத்தான். கொஞ்சம் பொறுங்க. கட்டிடம் எப்போதும் ஒரு சேதி சொல்கிறது. 1718-ல் தரங்கம்பாடியில் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பில் கிரீடத்தோடு இருப்பது டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக்கின் முத்திரை எழுத்து. யாருடைய ஆதரவில் எழுந்தது என்பதை அந்தச் சுவர் சொல்கிறது.

தெற்கே வடக்கன்குளத்தில் கதை இன்னும் கனமானது. 1870-களில் எழுந்த அந்த ஆலயம், சாதிப்படி மக்கள் தனித்தனியாக உட்கார இரண்டு கால்கள் விரிந்த அமைப்பில் கட்டப்பட்டது. பிரித்த தடுப்பு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீக்கப்பட்டபோது விவகாரம் கோர்ட்டு வரை போனது. இப்படி ஒரு கட்டிடத்தின் வெளிக்கோட்டை வரைந்து ‘எங்கள் பெருமை’ என்று போட்டால், யாருடைய பெருமை? எல்லா ஆலயமும் அப்படியில்லை. ஆனாலும் வரைவதற்கு முன் உள்ளே யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று விசாரிப்பது டிசைனர் வேலையில் சேர்த்தி.

சேர்ந்து சாப்பிட்டது

மதுரை அமெரிக்கன் மிஷனின் கதையில் எனக்குப் பெரிதாகப் படுவது ஒரு சாப்பாடு. 1840-களின் பிற்பகுதியில் அவர்கள் ஒரு முடிவு எடுத்தார்கள்: சபை அங்கத்தினர் சாதியை விட்டதற்கு அடையாளமாக எல்லாரோடும் சேர்ந்து உண்ண வேண்டும். மாட்டேன் என்றவர்கள் சபையிலிருந்து நிறுத்தப்பட்டார்கள், உபதேசிமார் உட்பட. ஆள் குறையும் என்று தெரிந்தே எடுத்த முடிவு. அதனால் சாதி போய்விட்டதா? இல்லை. ஆனால் இந்தச் சமவெளியின் சபைகள் ‘நாங்கள் யார்’ என்று விலை கொடுத்துச் சொன்ன தருணம் அது.

என்னிடம் கேட்டால் சின்னம் அங்கேதான் இருக்கிறது. விரித்த வாழையிலை ஒன்று. அதன் நடுநரம்பும் குறுக்கே ஒரு கோடும் சிலுவையாகும். ஒரே கோட்டோவியம், சுவரிலும் வரையலாம். (இலை ஒன்றுதான். இரண்டாகப் போட்டால் 1973-க்குப் போய்விடுவீர்கள்.) திண்டுக்கல் என்றதும் பூட்டு போடலாமே என்று ஒருத்தர் கட்டாயம் சொல்வார். ஆலய வாசலில் பூட்டு நல்ல சேதியில்லை.

எழுத்துக்கும் வேர் இருக்கிறது. அதே அமெரிக்கன் போர்டின் சென்னை அச்சகத்தில்தான் 1862-ல் வின்சுலோ அகராதியை பி.ஆர். ஹன்ட் அச்சிட்டார். அந்தத் தமிழ் எழுத்தின் நெருக்கமும் கூர்மையும் இன்றைய தடிமன் ஃபாண்டுகளில் இல்லை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய கல்லிலும் பலகையிலும் ‘ஆராதனை’யின் கடைசி எழுத்துக்கு யானைத் தும்பிக்கை இருக்கும். பெயர்ப்பலகை முழுக்க அதை எழுதினால் பிள்ளைகளுக்குப் படிக்கக் கஷ்டம். ஆண்டு மலரின் தலைப்பில் ஒரு இடத்தில் வைத்தால், தாத்தாவும் பேரனும் சேர்ந்து நின்று பார்ப்பார்கள்.

ஆகவே கமிட்டிக்கு என் யோசனை இவ்வளவுதான். முதல் மாதம் யாரும் வரைய வேண்டாம். பழைய ரசீது, கல்வெட்டு, மணியில் பொறித்த எழுத்து, கல்லறைப் பலகை எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். கோயிலை என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்று வயதானவர்களிடம் கேளுங்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்தவர்களின் குடும்பங்களிடம் தனியாகக் கேளுங்கள். அவர்கள் சொல்வதும் முன்வரிசைக்காரர் சொல்வதும் எங்கே ஒத்துப்போகிறதோ, பென்சிலை அங்கே வையுங்கள். எங்குமே ஒத்துப்போகவில்லை என்றால் லோகோவைத் தள்ளிவைத்துவிட்டு, முதலில் ஒரு பந்தி போடுங்கள்.