110 நிமிஷத்துக்குள்ள ஒரு 'க்ளிக்'

உங்க வீட்டுல யாராவது பெட் ஸ்கேன் எடுத்திருந்தா, அதோட கெடுபிடி உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஆறு மணி நேரம் போல வெறும் வயிறு. சொன்ன நேரத்துக்குப் போயே ஆகணும். ஊசி போட்டதும் சுமார் ஒரு மணி நேரம் அமைதியா உட்காரணும். நேரத்துல இவ்வளவு கறாரா இருக்க முக்கியக் காரணம், அந்த ஊசிக்குள்ள இருக்கிற ஃப்ளூரின்-18 என்கிற கதிரியக்க அணு.

அதோட அரை ஆயுட்காலம் சுமார் 110 நிமிஷம். இப்போ 100 பங்கு இருந்தா, 110 நிமிஷத்துல 50, இன்னொரு 110 நிமிஷத்துல 25. ஆறு மணி நேரம் கழிச்சுப் பார்த்தா கிட்டத்தட்ட 10 தான் மிஞ்சும். பொழிச்சலூர்க்காரங்களுக்குத் தலைக்கு மேல ஃப்ளைட் இறங்குறது தினமும் பார்க்கிற காட்சி. மும்பையில கிளம்பி சுமார் இரண்டு மணி நேரத்துல மீனம்பாக்கம் வர்ற ஃப்ளைட்ல இதை ஏத்தி விட்டா, தரையைத் தொடுறதுக்குள்ளயே பாதி காலி!

இந்தியாவோட முதல் மருத்துவ சைக்ளோட்ரான் 2002-ல மும்பை பரேல்ல, கதிரியக்க மருத்துவ மையத்துல வந்தது. அது ஒண்ணை வெச்சு நாடு முழுக்க சமாளிக்க முடியாதுங்கிறதுக்கு மேல சொன்ன ஃப்ளைட் கணக்கே போதும்.

சைக்ளோட்ரான் என்ன பண்ணுது? ஆக்சிஜன்-18 செறிவூட்டப்பட்ட தண்ணி மேல புரோட்டான்களை வேகமா மோத விடுது. ஆக்சிஜன் அணுக்கரு ஒரு புரோட்டானை வாங்கிக்கிட்டு ஒரு நியூட்ரானை வெளிய விடும். அதுதான் ஃப்ளூரின்-18. உடம்புக்குள்ள போனதும் அது பாசிட்ரானை வெளியிட்டு மறுபடி ஆக்சிஜன்-18 ஆகிடும். அந்தப் பாசிட்ரான் பக்கத்துல இருக்கிற எலக்ட்ரானோட சேர்ந்து அழிஞ்சு, எதிரெதிர் திசையில இரண்டு காமா கதிரா கிளம்பும். ரெண்டையும் பிடிச்சு, 'எங்கேர்ந்து வந்தது'ன்னு ஸ்கேனர் கண்டுபிடிக்குது.

ஆனா ஃப்ளூரினைத் தனியா அனுப்பினா புற்றுக்கட்டிக்கு வழி தெரியாது. வழி தெரிஞ்ச ஒரு மூலக்கூறுல அதைக் கோக்கணும். ரொம்பப் பிரபலமானது எஃப்டிஜி: குளுக்கோஸ் மாதிரியே இருக்கும், குளுக்கோஸுக்குப் பேயா அலையுற புற்றுசெல்கள் அதை உள்ள இழுத்துக்கும்.

இன்னும் குறிவெச்சு அடிக்கணும்னா பெப்டைடு, புரதம் மாதிரி மென்மையான மூலக்கூறுகள் வேணும். சிக்கல் இங்கதான். ஃப்ளூரைடைத் தண்ணி மூலக்கூறுகள் சூழ்ந்துட்டா அது சுலபத்துல ரியாக்‌ஷனுக்கு வராது. அதனால தண்ணியை விரட்டிக் காய வெச்சு, 100 டிகிரி பக்கமா சூடு பண்ணணும். அந்தச் சூட்டுல ஒரு புரதத்தைப் போட்டா? ஆம்லெட் கல்லுல வெள்ளைக்கருவுக்கு ஆகிற அதே கதிதான்.

இதுக்குத்தான் க்ளிக் கெமிஸ்ட்ரி. ஹெல்மெட் பட்டையை நினைச்சுக்கோங்க. ரெண்டு முனை, ஒரு 'க்ளிக்'. மழை பெஞ்சாலும் மாட்டும், வேற எதோடவும் மாட்டாது. வேதியியல்ல அந்த ரெண்டு முனைகள் அசைடு, ஆல்கைன். காப்பர் வினையூக்கி இருந்தா தண்ணியில, சாதாரண வெப்பத்துலயே ரெண்டும் சேர்ந்து உறுதியான ட்ரையசோல் வளையம் ஆகிடும்.

அப்போ வேலையை ரெண்டாப் பிரிச்சுடலாம். சூடு, காய வைக்கிறது எல்லாம் ஒரு முனை வெச்ச சின்ன மூலக்கூறுக்கு மட்டும். அதுல ஃப்ளூரின்-18 ஏறினதும், இன்னொரு முனை வெச்ச பெப்டைடோட மிதமான சூழல்ல 'க்ளிக்'. 2006-லயே இந்த வழியில பெப்டைடுகள்ல ஃப்ளூரின்-18 ஏத்திக் காட்டினாங்க. க்ளிக் கெமிஸ்ட்ரிங்கிற பேரோட 2001-ல வந்த கட்டுரையை எழுதின மூணு பேர்ல ஒருத்தர் ஹார்ட்முத் கோல்ப். பின்னாடி அவர் சீமென்ஸ்ல பெட் ட்ரேசர் செய்யப் போனார். கட்டிகள் தங்களுக்காகப் புதுசா வளர்த்துக்கிற ரத்தக் குழாய்களைத் தேடிப் போற ஒரு ட்ரேசரை அங்க க்ளிக் முறையில செஞ்சு, மனிதர்கள்கிட்டயும் சோதிச்சாங்க.

வேகம் எவ்வளவு முக்கியம்? ஒரு சின்னக் கணக்கு போடுங்க. முறை ஒண்ணு: 80 சதவீதம் விளைச்சல், ஆனா 110 நிமிஷம் ஆகும். கடைசியில கையில கிடைக்கிறது 40. முறை ரெண்டு: 60 சதவீதம்தான், ஆனா 40 நிமிஷம். கிடைக்கிறது சுமார் 47. லேப் பரீட்சையில முதல் முறைக்குத்தான் மார்க். ஸ்கேன் சென்டர்ல ரெண்டாவதுதான் ஜெயிக்கும்.

க்ளிக் வந்ததால எல்லாம் தீர்ந்துடல. காப்பர் உடம்புக்கு ஆகாது, அதை வடிகட்டணும், அதுக்கும் நிமிஷம் செலவு. கரோலின் பெர்டோசி காப்பரே வேண்டாத க்ளிக்கைக் கொண்டு வந்தார். 2022 வேதியியல் நோபலை ஷார்ப்லெஸ், மெல்டாலோட அவரும் பகிர்ந்துக்கிட்டார். அதே சமயம், தினசரி பெட் ஸ்கேன்ல அதிகம் போடுற எஃப்டிஜிக்கு க்ளிக் தேவையே இல்ல, அது சூட்டைத் தாங்குற வழியிலயே தயாராகுது. எஃப்டிஜி சரியாக் காட்டாத கட்டிகளுக்குத்தான் புது ட்ரேசர் வேணும், க்ளிக்கோட வேலையும் அங்கதான்.

'இது கெமிஸ்ட்ரிக்காரங்க சமாச்சாரம்'னு ஒதுங்காதீங்க. கதிர்வீச்சு இருக்கிறதால இந்த ரியாக்‌ஷன் ஈயம் பூட்டின பெட்டிக்குள்ள, தானியங்கி மெஷின்லதான் நடக்குது. வால்வு, பம்ப், ஹீட்டர், சென்சார், கன்ட்ரோல் ப்ரோக்ராம், எல்லாம் நம்ம டிபார்ட்மென்ட்கள்தான். நடுவுல ஒரு வால்வு மக்கர் பண்ணினா அந்த பேட்ச் போச்சு. அந்நேரம் வெயிட்டிங் ஹால்ல, காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி மட்டும் குடிச்சுட்டு உட்கார்ந்திருக்கிற ஒரு பாட்டி, 'இன்னிக்கு இல்லம்மா, நாளைக்கு வாங்க'ன்னு கேட்டுட்டு வீடு திரும்பணும்.