சேவலா, வெடையா?

முட்டைக்கென்று பத்துக் குஞ்சு வாங்கி வளர்த்தால் அதில் ஆறேழு சேவலாகிப் போவது, வீட்டில் கோழி வளர்க்கிறவர்களின் வழக்கமான புலம்பல். விற்றவரைத் திட்டிப் பயனில்லை, அவருக்கும் தெரியாது. ஒரே இனக் கோழியென்றால் பழகிய கண்ணுக்கு ஏதாவது பிடிபடும். இன்றைய வீட்டுக் கொல்லைகளிலோ அசில் சேவல், வனராஜா பெட்டை, எங்கிருந்தோ வந்த கடக்நாத் எல்லாம் ஒன்றாக மேய்கின்றன. அவற்றின் குஞ்சுகள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. கொண்டை பெரிதாக இருப்பது சேவல் என்பதாலா, தாய்வழியில் லெகார்ன் ரத்தம் இருப்பதாலா? கலப்புக் குஞ்சில் இதுதான் சிக்கல்.

குறுக்குவழி தேடியவர்கள் அன்றுமுதல் உண்டு. நீண்டு கூரான முட்டையில் பெட்டை, உருண்டை முட்டையில் சேவல் என்று எழுதிவைத்தார் அரிஸ்டாட்டில். ரோமாபுரியின் வேளாண்மை எழுத்தாளர் கொலுமெல்லா நேர் எதிராகச் சொன்னார்: சேவல் வேண்டுமானால் கூர்முட்டையை அடைவை, பெட்டை வேண்டுமானால் உருண்டையை. இரண்டுமே தவறு. முட்டைக்கு வடிவம் கொடுப்பது பெட்டையின் கருக்குழாய். குஞ்சின் பால் அதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. நூலில் மோதிரம் கட்டி முட்டைமேல் தொங்கவிடுவது, குஞ்சைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிப் பார்ப்பது எல்லாம் இதே வகைதான். எந்த முறையானாலும் பத்துக்கு ஐந்து சரியாக வந்துவிடும் என்பதால் நம்பிக்கை மட்டும் சாவதில்லை.

ஒருநாள் குஞ்சில் உண்மையாகவே பால் பார்க்கும் கலை ஜப்பானில் பிறந்தது. குஞ்சின் கழிவாயை விரல்களால் மெல்லப் பிதுக்கினால் உட்புறத்தில் கடுகைவிடச் சிறிய மேடு ஒன்று தெரியும். அதன் உருவத்தைக் கொண்டு ஆண், பெண் பிரிக்கலாம் என்று மசுயி கியோஷியும் அவருடைய சகாக்களும் 1920-களில் கண்டுபிடித்தார்கள். 1927-இல் கனடாவின் ஒட்டாவா நகரில் நடந்த உலகக் கோழியின மாநாட்டில் இது வெளியுலகுக்குத் தெரிந்தது. பிறகு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் குஞ்சு பொரிப்பகங்கள் ஜப்பானிய வல்லுநர்களைச் சம்பளம் கொடுத்து வரவழைத்தன. கை தேர்ந்தவர் மணிக்கு ஆயிரம் குஞ்சு வரைகூடப் பிரிப்பார். நூற்றுக்கு ஒன்றிரண்டு தவறினாலே அதிகம். இப்படிப் பிரித்தபின் முட்டைக்கோழிப் பொரிப்பகத்துக்குச் சேவல் குஞ்சால் லாபமில்லை. பெரும்பாலான நாடுகளில் அவை பொரித்த அன்றே கொல்லப்படுகின்றன. ஜெர்மனி 2022 முதல் அதைத் தடைசெய்துவிட்டது. நம் ஊர்த் திருவிழாக்களில் பச்சையும் ரோஸும் பூசி விற்கிற கலர் குஞ்சுகளும் பெரும்பாலும் இந்த ஒதுக்கப்பட்ட சேவல்கள்தாம். வீட்டில் வளர்க்கிறவர் இந்த முறையை முயலவேண்டாம். பழக்கமில்லாத விரல் அழுத்தினால் குஞ்சின் குடல் வெளியே வந்துவிடும். முதல் ஓரிரு நாள் கடந்தால் வல்லுநருக்கே கடினம்.

மனிதரில் குழந்தையின் பாலை முடிவுசெய்வது தந்தையின் விந்தணு. கோழியில் அது தலைகீழ். சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம்கள்; பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. பெட்டைக் குஞ்சு தாயிடமிருந்து டபிள்யூவைப் பெறுவதால், அதனிடம் இருக்கிற ஒரே இசட் தந்தை கொடுத்தது. தாயின் இசட்டில் உள்ள எதுவும் மகளுக்குப் போகாது, மகனுக்கு மட்டுமே போகும். இதைப் பிடித்துக்கொண்டால் பொரித்த அன்றே நிறத்தைப் பார்த்துச் சொல்லும் கலப்பை உருவாக்கலாம். முதல் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டனில் தீவனத் தட்டுப்பாடு வந்தபோது, சேவல் குஞ்சுகளை முதல்நாளே ஒதுக்கிவிட இந்த வழியை முன்வைத்தவர் கேம்பிரிட்ஜ் மரபியலாளர் ரெஜினால்ட் புனெட். பள்ளிப் பாடத்தில் வரும் ‘புனெட் கட்டம்’ இவர் பெயரில் உள்ளதுதான்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ரோட் ஐலண்ட் ரெட் சேவலும் உடம்பெல்லாம் கறுப்பு வெள்ளை வரியோடிய பிளைமவுத் ராக் பெட்டையும் சேர்ந்த கலப்பு. வரிக்கான மரபணு இசட்டில் இருக்கிறது. தாயின் வரி மகன்களுக்கு மட்டும் போவதால், கறுத்த ஆண் குஞ்சின் உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டு ஒன்று தெரியும். பெண் குஞ்சின் தலை முழுக் கறுப்பு. ஜோடியை மாற்றி, வரிச்சேவலைச் சிவப்புப் பெட்டையோடு விட்டால் மகன், மகள் இருவருக்கும் வரி போய்விடும், பொட்டால் பயனில்லை.

இறக்கையை விரித்துப் பார்க்கும் முறையும் இதே கணக்குதான். இறகு மெதுவாக முளைக்கச் செய்யும் மரபணுவும் இசட்டில் உள்ளது. தாய் மெது இறகு, தந்தை வேக இறகு என்று திட்டமிட்டுச் சேர்த்தால், பெண் குஞ்சின் இறக்கையில் முதன்மை இறகுகள் மேல் இறகுகளைவிட நீண்டிருக்கும். ஆண் குஞ்சில் இரண்டும் ஏறக்குறைய சமம், அல்லது மேல் இறகே நீளம். பொரிப்பகங்களில் இது தினசரி வேலை. வீடியோவைப் பார்த்துவிட்டுச் சந்தையில் வாங்கிய நாட்டுக் கலப்புக் குஞ்சின் இறக்கையை விரிப்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள். பெற்றோர் அப்படித் தேர்ந்து சேர்க்கப்பட்டிராவிட்டால் அந்த இறகு நீளத்துக்குப் பால் சம்பந்தமான பொருளே கிடையாது. நிறக் கலப்பும் முதல் தலைமுறையோடு சரி. அந்தக் குஞ்சுகளே வளர்ந்து தங்களுக்குள் இணைந்தால் கணக்கு கலைந்துவிடும்.

ஆகவே கொல்லைக் கலப்புக்குப் பொறுமைதான் வழி. ஆறு வாரத்தில் கொண்டை பேசத் தொடங்கும். சேவல் குஞ்சின் கொண்டையும் தாடியும் தடித்துச் சிவக்கும். அதே வயது வெடையின், அதாவது இளம் பெட்டையின், கொண்டை சின்னதாக, மஞ்சளோடி வெளிறி நிற்கும். இந்தச் சிவப்புக்குப் பின்னால் ஒரு பெரிய அறிவியல் கதை இருக்கிறது. 1849-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் அர்னால்ட் பெர்தோல்ட் என்பவர் இளஞ்சேவல்களுக்குக் காயடித்தார். சிலவற்றை அப்படியே விட்டார். சிலவற்றின் வயிற்றுக்குள் விரையைத் திரும்ப வைத்தார், பழைய நரம்புத் தொடர்பு எதுவும் இல்லாமல். விரை திரும்பக் கிடைத்தவை கொண்டை வளர்ந்து, கூவி, சண்டைபோட்டு, பெட்டையைத் துரத்தின. மற்றவை கொண்டை சுருங்கிச் சாதுவாக வளர்ந்தன. நரம்பில்லாமல் ரத்தத்தின் வழியே ஏதோ ஒன்று போகிறது என்று அவர் முடிவுகட்டினார். ஹார்மோன் ஆய்வின் முதல் சோதனையாக இதைச் சொல்வார்கள். அந்த ‘ஏதோ ஒன்று’ டெஸ்டோஸ்டிரோன். கொண்டை அதன் அளவுமானி.

ஆனால் அளவுமானி எல்லா இனத்திலும் ஒரே மாதிரி வேலைசெய்யாது. அசிலுக்குத் தலையோடு ஒட்டிய குட்டைக் கொண்டை. சேவலிலேயே அது பெரிதாக வளராது. அந்தக் கலப்பு விழுந்த சேவல் குஞ்சு இரண்டரை மாதம்வரை வெடையாகவே ஏமாற்றும். லெகார்ன் கலப்பில் இதற்கு நேர்மாறு: வெடைக்கே கொண்டை ஒருபக்கம் சாய்கிற அளவுக்கு வளரும். கடக்நாத் கலப்பில் தோலும் கொண்டையும் கறுத்திருந்தால் சிவப்பு ஏறியதே தெரியாது. இன்னொன்று: எந்த வெடைக்கும் முட்டையிடும் பருவம் நெருங்கினால் கொண்டை சிவக்கும். ஐந்தாறு மாதத்தில் சிவந்ததைப் பார்த்து அவசரப்பட்டு அதைக் குழம்புக்கு அனுப்பிவிடக்கூடாது. காலில் முள் மொட்டு இருப்பதும் சாட்சியில்லை, வெடைக்கும் இருக்கும். நெஞ்சை நிமிர்த்தி நிற்பது, மற்ற குஞ்சோடு முட்டிக்கொள்வது எல்லாம் சந்தேகத்துக்குத் துணைபோகும், தீர்ப்புக்குப் போதாது.

தீர்ப்பு இறகில் இருக்கிறது. பத்து, பன்னிரண்டு வாரத்தில் முதுகின் கடைசியில், வால் தொடங்குமிடத்துக்கு முன்னால் இருபக்கமும் புதிதாக முளைக்கும் இறகுகளைப் பாருங்கள். சேவலுக்கு அவை ஒடுங்கி, நீண்டு, நுனி கூராகி, பளபளப்போடு பக்கவாட்டில் தொங்கும். வெடைக்கு அகன்று, நுனி உருண்டு, மங்கலாகப் படிந்திருக்கும். பிடரி இறகிலும் இதே வேறுபாடுதான், ஆனால் அங்கே வெடைக்கும் ஓரளவு கூர்மை உண்டு. முதுகுக்கடைசி இறகில் குழப்பமில்லை. ஒரே ஒரு கூர் இறகு உறுதியாகத் தெரிந்தாலும் போதும், அது சேவல்தான்.

கொண்டை ஏமாற்றுமிடத்தில் இறகு ஏன் ஏமாற்றுவதில்லை? இரண்டுக்கும் எஜமான் வேறு. கொண்டையை வளர்ப்பது ஆண் ஹார்மோன். இறகின் வடிவத்தை முடிவுசெய்வது பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன். அது இருந்தால் இறகு உருளும், இல்லையென்றால் கூராகும். காயடித்த சேவலுக்குக் கொண்டை சுருங்கினாலும் சேவல் இறகு அப்படியே இருப்பது இதனால்தான். சூலகத்தை நீக்கிய பெட்டை அடுத்த இறகு உதிர்ப்பில் சேவல் போர்வை போர்த்துக்கொண்டு வரும். கொண்டையின் அளவும் உருவமும் இனத்துக்கு இனம் மாறலாம். உருண்ட இறகு, கூர் இறகு என்ற வேறுபாடு ஏறக்குறைய எல்லா இனத்துக்கும் பொது. எத்தனை இனம் கலந்தாலும் அது கலைவதில்லை.

பெட்டைக்கோழி கூவிப் பொழுது விடியுமா என்று கேட்பார்கள். பொழுது விடியாது, ஆனால் பெட்டை கூவுவது உண்டு. கோழிக்கு இடப்பக்கச் சூலகம் மட்டுமே வேலைசெய்கிறது. நோயிலோ கட்டியிலோ அது கெட்டுவிட்டால், வலப்பக்கம் உறங்கிக்கிடந்த உறுப்பு சில சமயம் விரையாக வளர்கிறது. அதுவரை முட்டையிட்ட கோழிக்குக் கொண்டை பெருத்து, கூர் இறகு முளைத்து, ஒருநாள் கூவவும் செய்யும். 1474-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் முட்டையிட்ட ‘சேவல்’ ஒன்றை நீதிமன்றத்தில் நிறுத்தி விசாரித்து எரித்தார்கள். அநேகமாக அது இப்படி மாறிக்கொண்டிருந்த ஒரு கிழட்டுப் பெட்டையாக இருந்திருக்கும்.

இறகையும் நம்பமுடியாத இனம் ஒன்றிரண்டு உண்டு. இங்கிலாந்தின் சிப்ரைட் என்ற குட்டைக்கோழியில் சேவலுக்கும் பெட்டையின் உருண்ட இறகுதான். அதன் தோலில் உள்ள ஒரு நொதி ஆண் ஹார்மோனையே ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடுகிறது. இறகு தன் சேவல் பெட்டை என்று எண்ணிக்கொள்கிறது. அந்த ரத்தம் கலந்த குஞ்சு கைக்கு வந்தால் முதுகைப் பார்த்துப் பயனில்லை. கொண்டையைப் பார்க்கவேண்டும், அதிலும் தெளியாவிட்டால் கூவும்வரை காத்திருக்கவேண்டும்.