கிளீட் பிடுங்கின கதை: சின்னப் பாய்மரப் படகின் டெக்கை எப்படி பலப்படுத்துவது?

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

தென்காசியில வீட்டு மாடியில இருந்து பேசுறேன். குற்றாலத்துல சீசன், வெளிய சாரல். மைக்ல அந்தச் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க.

நானும் நண்பனும் சேர்ந்து ஒரு பழைய ஃபைபர் பாய்மரப் படகு வாங்கி தூத்துக்குடி பக்கம் போட்டிருக்கோம்னு முன்னாடியே சொல்லியிருக்கேன். போன தடவை கடல்ல இருக்கும்போது ஒரு பலமான காத்து அடிச்சுது. முன்பாயோட கயிறு கட்டியிருந்த கிளீட், டெக்கோட ஒரு துண்டையும் சேத்துப் பிடுங்கிட்டு வந்துடுச்சு. கயிறு நண்பனோட உள்ளங்கையை அறுத்துட்டுப் போச்சு. ஆறு தையல். முகத்துல அடிச்சிருந்தா? யோசிக்கவே பயமா இருக்கு.

ஏன் பிடுங்குச்சு?

முதல்ல கணக்கு. 20 நாட் காத்துன்னா நொடிக்கு சுமார் 10 மீட்டர். 10 சதுர மீட்டர் பாய்மேல அது தோராயமா 600 நியூட்டன், அதாவது 60 கிலோ எடை அளவுக்குத் தள்ளும். வேகம் ரெண்டு மடங்கானா விசை நாலு மடங்கு, கிட்டத்தட்ட 240 கிலோ. இதுல ஒரு பெரிய பங்கு கயிறு வழியா கிளீட்டுக்கு வருது. அதுவும் சீரா இல்ல, வெடுக்கு வெடுக்குன்னு.

எங்க கிளீட்டைப் பிடிச்சிருந்தது நாலு மர ஸ்க்ரூ மட்டும்தான். இந்த மாதிரி டெக் ஒரு சாண்ட்விச்: மேல ஃபைபர் தோல், கீழ ஃபைபர் தோல், நடுவுல ப்ளைவுட். ஸ்க்ரூ ஓட்டை வழியா பல வருஷமா தண்ணி இறங்கி ப்ளைவுட் மக்கிடுச்சு. சாரல் சீசன்ல நம்ம வீட்டு ப்ளைவுட் கதவு உப்பிக்குமே, அதேதான். ஆனா இங்க ரெண்டு தோலுக்கு நடுவுல இருக்கிறதால, காயவும் வழியில்ல, வெளிய தெரியவும் தெரியாது.

கண்டுபிடிக்க, சுத்தியல் பிடியால டெக்கைத் தட்டிட்டே வாங்க. நல்ல இடம் 'டக்'னு கேக்கும். மக்கின இடம் 'தொப்'புனு கேக்கும்.

சரி பண்ற முறை

1. எங்களுக்கு உள்ளங்கை அகலத்துக்கு மக்கியிருந்தது. மேல் தோலை வெட்டி, மக்கினதைச் சுரண்டி, நல்லா காயவிட்டு, மரைன் ப்ளைவுட் வச்சு எபாக்சியால ஒட்டி, மேல ஃபைபர் துணி போட்டோம்.

2. 6 மி.மீ. போல்ட்டுக்கு 12 மி.மீ. ஓட்டை போடுங்க, கீழ்த் தோலை மட்டும் விட்டுட்டு. கெட்டியாக் கலந்த எபாக்சியால அதை நிரப்பி, இறுகினதும் நடுவுல 6 மி.மீ. ஓட்டையை கீழ்வரை போடுங்க. இனி தண்ணி கசிஞ்சாலும் மரத்தைத் தொடாது. முக்கியமான வேலையே இதுதான்.

3. ஸ்க்ரூ வேண்டாம், 316 ஸ்டீல் போல்ட். அடியில வெறும் வாஷர் போதாது, பேக்கிங் பிளேட் வேணும். சாதா 6 மி.மீ. வாஷர் நாலும் சேர்ந்தா சுமார் 320 சதுர மி.மீ.தான். 10 செ.மீ.க்கு 6 செ.மீ. பிளேட் கிட்டத்தட்ட 6,000. பாரம் அவ்வளவு இடத்துல பரவும். தடிமனான ஃபைபர் ஷீட் நல்லது. அலுமினியம்னா, உப்புத் தண்ணியில ஸ்டீலோட சேர்ந்து அரிச்சுடும்.

4. மேல ஓட்டை வாயை லேசா சரிச்சு, பியூட்டைல் டேப்பைச் சுத்தி வச்சு இறுக்குங்க. மேல போல்ட்டை அசையாமப் பிடிச்சுக்கிட்டு, கீழ நட்டை மட்டும் திருப்பணும். போல்ட் சுத்தினா சீல் பிஞ்சுடும்.

லிசனர் கேள்வி: "அண்ணா, சிலிகான் அடிச்சா முடிஞ்சுதே?"

தம்பி, சிலிகான் தண்ணியை வேணா கொஞ்ச நாள் நிறுத்தும், பாரத்தைத் தாங்காது. பிஞ்ச பிறகு அந்தப் பசை ஒட்டின இடத்துல வேற எதுவும் சரியா ஒட்டாது.

இன்னொண்ணு. மழை ஈரத்துல எபாக்சி வேலை வேண்டாம். பல எபாக்சிகள்ல மேல பிசுபிசுன்னு மெழுகுப் படலம் வரும். அதைத் தண்ணி விட்டுத் தேய்ச்சுக் கழுவாம அடுத்த பூச்சு போட்டா உரிஞ்சுடும். அவசரப்பட்டு நாங்களே ஒரு பூச்சை வீணாக்கினோம்.

புதுச்சேரி ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோடு தில்னாவும் கடற்படையோட தாரிணி படகுல 2024 அக்டோபர் 2-ல கோவாவுல கிளம்பி, உலகத்தைச் சுத்தி 2025 மே 29-ல திரும்பினாங்க. எட்டு மாசம், ரெண்டே பேர். அந்தப் பயணத்துல ஒவ்வொரு போல்ட்டும் எவ்வளவு முக்கியம்னு நினைச்சுப் பாருங்க. நாம போறது கரை தெரியிற தூரம்தான். ஆனா கயிறு கையை அறுக்க அந்தத் தூரமே போதும்.

இந்த வாரம் உங்க படகுல ஒரு கிளீட்டையாவது தட்டிப் பாருங்க. 'தொப்'புனு கேட்டா, கடலுக்கு இறங்காதீங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.