உப்பு ஜாடிக்குள் போகும் கை

மோர்சாதம் இலையில் விழுந்ததும், ஒரு வாய்கூட ருசி பார்க்காமல் உப்பை எடுத்துப் போட்டுப் பிசைகிறவர்கள் நம் வீடுகளில் ஏராளம். சாதம் வடிக்கும்போதே உப்புப் போட்டாகிவிட்டது, மோரிலும் உப்பு உண்டு, பக்கத்தில் மாவடுவோ நார்த்தங்காயோ இருக்கிறது. அப்படியும் கை ஜாடிக்குள் போகிறது. பசிக்காகவோ ருசிக்காகவோ அல்ல, பழக்கம். அந்தச் சிட்டிகையால் இன்றைக்கு ஒன்றும் ஆகிவிடாது. முப்பது வருடம் தினமும் இரண்டு வேளை விழுந்தால் ஆகும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) நாடு முழுவதும் நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வு, இந்தியப் பெரியவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பதாகச் சொன்னது. இதற்குப் பரம்பரை, உடல் எடை, புகை, மது, மன அழுத்தம் என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் நம் கைக்கு எட்டும் தூரத்தில், அடுப்படியிலேயே இருக்கும் காரணம் உப்புதான்.

உடம்புக்குள் நடப்பது

உப்பில் உள்ள சோடியம் ரத்தத்தில் கூடும்போது, அதைச் சமன்செய்ய உடல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ரத்தத்தின் அளவு கூடுகிறது. அதே குழாய்க்குள் அதிக ரத்தம் ஓடுவதால் சுவரில் அழுத்தம் ஏறுகிறது. கூடுதல் சோடியத்தைச் சிறுநீரகம் வெளியேற்றப் பார்க்கும். வயது ஏற ஏற அதன் சக்தி குறையும். வருடக்கணக்கில் இப்படியே போனால் ரத்தக் குழாய்கள் தடித்து விறைக்கின்றன. இதயத்தின் இடது கீழறைச் சுவர் பருக்கிறது. சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகள் சேதமாகின்றன. இவ்வளவும் நடக்கும்போது பெரும்பாலானவர்களுக்குத் தலைவலிகூட வராது. "எனக்கு ஒண்ணும் செய்யலியே, நல்லாத்தானே இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தவருக்குப் பக்கவாதம் வந்த பிறகுதான் பிரஷர் இருந்ததே வீட்டாருக்குத் தெரிகிறது. இது தடுக்கக்கூடிய துயரம் என்பதால்தான் மனம் ஆறுவதில்லை.

கரிக்காத சோடியம்

அப்பளம் பொரிந்து வருவதற்குச் சேர்க்கும் அப்பளக்காரம், ஆப்பத்துக்குப் போடும் சோடா உப்பு, பேக்கரி ரொட்டி, பிஸ்கட் எல்லாவற்றிலும் சோடியம் இருக்கிறது. நாக்குக்கு அது உப்பாகத் தெரியாது. வற்றல், வடகம், மோர்மிளகாய், கருவாடு இவற்றுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இந்துப்புக்கு மாறிவிட்டோம், கவலையில்லை என்று நினைப்பதும் தவறு. எடைக்கு எடை அதிலும் சோடியம் ஏறக்குறைய அதே அளவுதான். அயோடின் சேர்த்த உப்பையே குறைவாகப் போடுவது மேல்.

பாக்கெட் மேல் ஒரு தேதி

பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தலைதட்டிய ஒரு டீஸ்பூன். மூன்று வேளைக்கும், ஊறுகாயையும் சேர்த்து. பெரியவர்கள் நால்வர் உள்ள வீட்டுக்கு மாதம் 600 கிராம். ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். பிரிக்கிற அன்று பாக்கெட்டின் மேல் பேனாவால் தேதி எழுதி வையுங்கள். காய் கழுவப் போட்டதைக் கழித்துக்கொண்டாலும், மாதத்துக்குள் தீர்ந்துவிட்டால் கை தாராளம் என்று தெரிந்துவிடும். வெளியில் சாப்பிடுவது இந்தக் கணக்கில் வராது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஒரேயடியாகக் குறைத்தால் வீட்டில் சண்டைதான் வரும். குழம்புக்கு வழக்கமாகப் போடுவதில் கால்வாசியைக் குறைத்து, புளியோ எலுமிச்சையோ மிளகோ கொஞ்சம் தூக்கலாகச் சேர்க்கலாம். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். பிறகு பழைய அளவு வாயில் வைத்தால் கரிக்கும்.

மாற்று உப்பு

சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2021-ல் வந்தது. ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள், அல்லது உயர் ரத்த அழுத்தம் உள்ள முதியவர்கள். உப்பில் கால் பங்கை பொட்டாசியம் குளோரைடாக மாற்றிக் கொடுத்த கிராமங்களில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. சமையலை மாற்றவில்லை, உப்பை மட்டும் மாற்றினார்கள். நம் கடைகளிலும் சோடியம் குறைத்த உப்பு கிடைக்கிறது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், பொட்டாசியத்தைக் கூட்டும் சில பிரஷர் மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது. பொட்டாசியம் அளவு மீறினால் இதயத் துடிப்பு தடம் புரளும். அதேபோல, உப்பைக் குறைத்ததும் பிரஷர் இறங்கிவிட்டதே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அளவைக் குறைப்பதா வேண்டாமா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.