டிஸ்கோவின் கால் தாளம்

ஒரே அடியைத் திருப்பித் திருப்பி அடிப்பதில் என்ன வித்தை இருக்கிறது என்று டிஸ்கோ இசையைப் பற்றிக் கேட்பவர்கள் நம்மிடையே அதிகம். தெட்சணாமூர்த்தியின் தவிலைக் கொண்டாடிய யாழ்ப்பாணத்தில் அந்தக் கேள்வி எழுவதில் வியப்பில்லை. கோயில் வீதியில் இரண்டு தவில்கள் போட்டிபோட்டு முழங்கக் கேட்ட காதுக்கு, அளந்து வைத்தாற்போல் விழும் டிஸ்கோ அடி வெறுமையாகத்தான் படும். ஆனால் அந்த எளிமை தெரிந்தே எடுத்த முடிவு. மேளம் தன் வித்தையைச் சுருக்கிக்கொண்டதால்தான் பாட்டுக்கும் மற்ற வாத்தியங்களுக்கும் ஆடுபவர்களுக்கும் இடம் கிடைத்தது.

நமது மேளக்கச்சேரியில் கணக்கைக் காப்பவர் வேறு, தவில் வாசிப்பவர் வேறு. தாளம் போடுபவர் பிடியை விடாமல் இருப்பதால், தவில்காரர் எவ்வளவு தூரம் போனாலும் திரும்பி வந்து சேரலாம். டிஸ்கோவில் இந்த இரண்டு வேலையும் ஒரே ஆளின் கைகால்களுக்குள் வந்துவிடுகின்றன. வலது கால் மிதிக்கும் பெரிய ட்ரம் நாலு எண்ணிக்கையிலும் தவறாமல் விழும். ஸ்நேர் என்ற சிறிய ட்ரம் இரண்டிலும் நாலிலும் அறையும். உயிர்நிலை இருப்பது ஹை-ஹாட் என்ற இரட்டைத் தட்டில். இடது காலால் திறந்து மூடும் அந்தத் தட்டை, ஓர் எண்ணிக்கைக்கும் அடுத்ததற்கும் சரிநடுவே திறந்து அடிக்கிறார்கள். 'ட்ஸ்ஸ்' என்று எழும் சத்தம் அடுத்த மிதியோடு அறுபடுகிறது. நமது தாளம் எண்ணிக்கையின் மேல் விழும். இது இடைவெளியில் விழுகிறது. கால் ட்ரம் உடலைக் கீழே அழுத்த, ஹை-ஹாட் மேலே தூக்குகிறது. நிமிடத்துக்குச் சுமார் 120 எண்ணிக்கை என்ற வேகத்தில் இவை மாறி மாறி வரும்போது, தாளமே அறியாதவருக்கும் காலை எங்கே வைப்பது என்ற சந்தேகம் வராது.

இந்த அடியை நிலைநிறுத்தியவர் பிலடெல்பியாவின் ஏர்ல் யங். 1973இல் ஹரோல்ட் மெல்வின் குழுவின் 'த லவ் ஐ லொஸ்ட்' பாடலில் அவர் வாசித்தது பின்வந்தவர்களுக்கு மாதிரியாயிற்று. மெதுவான பாட்டாக எண்ணியதை வேகப்படுத்தியபோது பிறந்தது அது. இழந்த காதலின் துயரம் குறையாமலே ஆட்டமும் சேர்ந்துகொண்டது.

இதை ஓர் இயந்திரமே செய்துவிடுமே என்பது வலுவான மறுப்பு. 1977இல் வெளிவந்த 'ஸ்டேயிங் அலைவ்' பாடலை அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். பீ ஜீஸ் குழுவின் ட்ரம்ஸ் கலைஞர் டெனிஸ் பிரையனுக்குக் குடும்பக் காரணத்தால் ஒலிப்பதிவுக்கு வர முடியவில்லை. முதலில் தாள இயந்திரத்தைத்தான் முயன்று பார்த்தார்கள், அது ஒத்துவரவில்லை. பிறகு 'நைட் ஃபீவர்' பாடலுக்கு அவர் ஏற்கெனவே வாசித்திருந்த ஒலிநாடாவில் ஒரு சிறு துண்டை வெட்டி, வளையமாக ஒட்டிச் சுழலவிட்டார்கள். சுழன்றது நாடாதான், அதில் இருந்ததோ மனிதனின் அடி. அதே ஆண்டு டொனா சம்மர் பாடிய 'ஐ ஃபீல் லவ்' ஏறக்குறைய முழுவதும் மின்னணு ஓசையால் ஆனது; அதிலும் கால் ட்ரம்மைக் கீத் ஃபோர்ஸி என்ற கலைஞரே மிதித்தார். இயந்திரத்தை மிக விரும்பியவர்களே அந்த ஓர் இடத்தை மனிதக் காலுக்கு விட்டுவைத்ததை நான் முக்கியமானதாகக் கருதுகிறேன்.

ஆட்டத்துக்கு அடிக்கும் மேளம் கச்சேரி மேளத்தைவிடத் தாழ்ந்தது என்ற எண்ணமும் நமக்குப் பொருந்தாது. அச்சுவேலிக்கு வடக்கே தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் காவடி ஆடும்போது, கோர்வைகளில் தேர்ந்த தவில்காரரும் அவற்றை ஒதுக்கி ஒரே நடையைப் பிடித்துக்கொள்கிறார். ஆடுபவரின் கால் அதை நம்பித்தான் இறங்குகிறது. அங்கே யாரும் அவரது வித்தை குறைந்துவிட்டதாகச் சொல்வதில்லை.

டிஸ்கோ உலகை ஆண்ட காலத்தில் யாழ்ப்பாணத்தின் ஆட்டம் வேறு நடையில் இருந்தது என்பது உண்மை. உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் போன்றோரின் பொப் பாடல்களோடு வந்த பைலாத் தாளம் மும்மூன்றாக உலாவும் திஸ்ரம். டிஸ்கோ நாலு நாலாக நிமிர்ந்து நடக்கும் சதுஸ்ரம். அந்தச் சதுஸ்ரம் தமிழருக்குப் பெரும்பாலும் சினிமா வழியாகவே வந்தது. 1979 ஜூலை 12இல் சிகாகோவின் விளையாட்டரங்கு ஒன்றில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்தார்கள். அமெரிக்காவில் அதன் மவுசு சரிந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1982இல், 'சகலகலா வல்லவன்' படத்தில் இளையராஜா 'இளமை இதோ இதோ' பாடலை அதே சதுஸ்ர நடையில் தந்தார். புத்தாண்டு இரவுகளில் தமிழர் இன்றும் அதைப் போட்டு ஆடுகிறார்கள்.