இம்பாசிபிள் மேப்: ஒரு நாளுக்கு என்ன விலை?

தங்கம் 0. மரம் 0. தாது 0. பாதரசம், கந்தகம், படிகம், ரத்தினம் நான்கும் 0.

'ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3' ஆட்டத்தில் 'இம்பாசிபிள்' என்ற கடுமையைத் தேர்ந்தெடுத்தால் முதல் நாள் கையிருப்பு இவ்வளவுதான். ஒரு நகரம், ஒரு ஹீரோ, அவன் பின்னால் ஒரு சிறு கூட்டம். ஒரு படி கீழே 'எக்ஸ்பர்ட்'டில் 10,000 தங்கம் கிடைக்கும். மரமும் தாதுவும் பத்துப் பத்து, மற்றவை நான்கு நான்கு. 'ஈஸி' என்றால் 30,000 தங்கம். இம்பாசிபிளில் ஆடுகிறவருக்கு எல்லாமே இனி சம்பாதிக்க வேண்டியது.

நியூ வேர்ல்டு கம்ப்யூட்டிங் நிறுவனம் இந்த ஆட்டத்தை 1999-இல் கொண்டுவந்தது. அதன் தாய் நிறுவனமான 3டிஓ 2003-இல் திவாலாகிவிட்டது. ஆட்டம் சாகவில்லை. கூடவே கொடுத்த மேப் எடிட்டரை வைத்துக்கொண்டு ரசிகர்கள் இன்றுவரை சொந்தமாக மேப் செய்கிறார்கள். 2011 கடைசியில் 'ஹார்ன் ஆஃப் தி அபிஸ்' என்ற முழு விரிவாக்கத்தையே ரசிகர்கள் எழுதி இலவசமாக வெளியிட்டார்கள். இந்த மேப்களில் சில, ஆடுகிறவரைத் தோற்கடிப்பதற்கென்றே கட்டப்பட்டவை. அவற்றை வீரத்தால் முடிக்க முடியாது, கணக்கால் முடிக்கலாம். கணக்கு என்றால் தங்கக் கணக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கடினமான மேப்பில் எதையும் நாளாக மாற்றித்தான் பார்க்க வேண்டும்: இந்தச் செலவு எனக்கு எத்தனை நாளைக் கொடுக்கிறது, எத்தனை நாளை எடுத்துக்கொள்கிறது?

நான் இருப்பது மடுகரை, நெட்டப்பாக்கம் கொம்யூன். பஸ் ஏறினால் புதுச்சேரியும் தமிழ்நாடும் மாறி மாறி வரும் பகுதி. இந்த ஆட்டத்துக்கு நெட் வேண்டாம், புதுக் கம்ப்யூட்டரும் வேண்டாம். பெட்டியில் அச்சடித்த தேவை பென்டியம் 133, 32 எம்பி நினைவகம். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்புக்கே இது ஒரு சுமையில்லை. கரண்ட் போனாலும் பேட்டரி இருக்கும்வரை ஆடலாம்.

முதலில் நிலத்தை அளந்துவிடுவோம். மேப் நான்கு அளவில் வரும்: 36×36, 72×72, 108×108, 144×144. கடினமானவை பெரும்பாலும் கடைசி அளவு, அதுவும் பாதாளத் தளத்தோடு. 144×144 என்றால் 20,736 கட்டம். எங்கள் பக்கம் நிலத்தைக் குழியில் சொல்வோம். ஒரு குழி 576 சதுர அடி, நூறு குழி ஒரு காணி. ஒரு கட்டத்தை ஒரு சதுர அடி என்று வைத்தால் மேல்தளம் மிகச் சரியாக 36 குழி, பாதாளத்தையும் சேர்த்தால் 72 குழி. காணிக்கும் குறைவான இடம்தான். அதைக் கடக்க ஆகும் நாட்களைப் பிறகு பார்ப்போம்.

இனி வருமானம். நகரம் தொடக்கத்தில் நாளுக்கு 500 தங்கம் தரும். டவுன் ஹால் கட்டினால் 1,000, சிட்டி ஹாலுக்கு 2,000, கேப்பிடலுக்கு 4,000. கேப்பிடல் ஒரு ஆட்டக்காரருக்கு ஒன்றுதான். மேப் செய்தவர் எதையும் முன்கூட்டிக் கட்டி வைக்காத நகரமாக இருந்தால், கேப்பிடல் வரைக்குமான செலவுப் பக்கம் இது:

மதுக்கடை – 500
டவுன் ஹால் – 2,500
மார்க்கெட் – 500
கொல்லன் பட்டறை – 1,000
மந்திரக் கூடம் (முதல் நிலை) – 2,000
சிட்டி ஹால் – 5,000
ஃபோர்ட் – 5,000
சிட்டடெல் – 2,500
காசில் – 5,000
கேப்பிடல் – 10,000
மொத்தம் – 34,000 தங்கம், 50 மரம், 40 தாது

நாளுக்கு ஒரு கட்டடம்தான் கட்டலாம் என்பது விதி. ஆனால் இம்பாசிபிளில் நம்மைத் தடுப்பது அந்த விதி அல்ல, காசு. நகர வருமானத்தை மட்டும் நம்பினால் இரண்டாம் நாள் முதல் 500 வருகிறது, மதுக்கடைக்குப் போகிறது. டவுன் ஹாலுக்கு 2,500 சேர ஏழாம் நாள் ஆகிவிடும். எட்டாம் நாளிலிருந்து ஆயிரம் ஆயிரமாக வந்தால், சிட்டி ஹால் வரைக்குமான 8,500 பதினாறாம் நாள் முடியும். அதன் பிறகு நாளுக்கு 2,000. மீதி 22,500-ஐக் கட்டி முடிக்கும்போது 27-ஆம் நாள். 4,000 தங்கம் முதன்முதலாகக் கையில் வருவது 28-ஆம் நாள் காலையில். ஆட்டத்தின் காலண்டரில் ஒரு மாதம் என்பதே 28 நாள். ஒரு மாதம் முழுக்க ஒரு சிப்பாயைக்கூட வாங்காமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். எந்தக் கடின மேப்பும் அந்த ஒரு மாதத்தைச் சும்மா விட்டுவைக்காது.

மரக் கணக்கு இன்னும் மோசம். மர ஆலை நாளுக்கு 2 தரும். 50 மரத்துக்கு 25 நாள். ஆலை பகைவன் பிடியிலோ பெரிய காவலுக்குப் பின்னாலோ இருந்தால்? ஒரே ஒரு மார்க்கெட் வைத்திருக்கிறவர் ஒரு மரம் வாங்க 2,500 தங்கம் கொடுக்க வேண்டும், விற்றால் 25 கிடைக்கும். 50 மரத்தையும் கடையில் வாங்கினால் 1,25,000 தங்கம், அதாவது கேப்பிடலின் 31 நாள் வருமானத்துக்கும் மேல். மார்க்கெட் எண்ணிக்கை கூடினால் விலை இறங்கும். ஆனால் முதல் மாதத்தில் இரண்டாவது நகரம் யாரிடம் இருக்கிறது? ஆகவே முதல் வாரத்தில் ஹீரோ சண்டைக்கு அலையக் கூடாது, மரக்குவியலுக்கு அலைய வேண்டும். தரையில் கிடக்கும் ஒரு குவியலில் 6 முதல் 10 மரம் இருக்கும். ஒரு குவியல் எடுத்தால் மூன்று முதல் ஐந்து ஆலை நாள் மிச்சம்.

புதையல் பெட்டியும் இதே கணக்குதான். அது 1,000, 1,500 அல்லது 2,000 தங்கம் தரும். தங்கம் வேண்டாமென்றால் அதற்குப் பதில் 500, 1,000 அல்லது 1,500 அனுபவப் புள்ளி. சாதாரண மேப்பில் அனுபவத்தை எடு என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். இம்பாசிபிளில் முதல் வாரத்தில் 2,000 தங்கம் என்பது நகரத்தின் நான்கு நாள் வருமானம், டவுன் ஹாலை நான்கு நாள் முன்னால் இழுத்துவரும் பெட்டி. தங்கத்தைத்தான் எடுக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வேன்.

கட்டடங்களைப் போட்ட காசை எடுக்கும் காலமாகப் பார்த்தால் ஒரு அழகு தெரிகிறது. டவுன் ஹால் 2,500 செலவில் நாளுக்கு 500 கூட்டுகிறது, 5 நாள். சிட்டி ஹால் 5,000 செலவில் 1,000, அதுவும் 5 நாள். கேப்பிடல் 10,000 செலவில் 2,000, மறுபடி 5 நாள். செய்தவர்கள் யோசித்து வைத்த எண்கள் இவை. முன்நிபந்தனைக் கட்டடங்களையும் சேர்த்தால்தான் வித்தியாசம் வருகிறது: டவுன் ஹாலுக்கு 6 நாள், சிட்டி ஹாலுக்கு எட்டரை, கேப்பிடலுக்கு 11 நாளுக்கும் மேல். ஆனால் கேப்பிடலுக்கு முன் கட்டும் காசில் படைப்பிறப்பை இரட்டிப்பாக்கும் என்பதால் அந்தச் செலவு முழுவதையும் வருமானக் கணக்கில் எழுதக் கூடாது.

கேப்பிடல் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 'காசில்' வகை நகரத்தில், பிறப்பு இரட்டிப்பான பின், ஒரு வாரத்தில் பிறக்கும் மேம்பட்ட படை முழுவதையும் வாங்கினால் செலவு என்ன? 28 ஹால்பர்டியர் 2,100. 18 மார்க்ஸ்மன் 2,700. 14 ராயல் கிரிஃபின் 3,360. 8 குருசேடர் 3,200. 6 சீலட் 2,700. 4 சாம்பியன் 4,800. 2 ஆர்க்கேஞ்சல் 10,000, கூடவே 6 ரத்தினம். மொத்தம் 28,860. கேப்பிடலின் ஒரு வார வருமானம் 28,000. பற்றாக்குறை 860. இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் பழைய ஆட்டம் ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இந்த 860-ஐத்தான் காட்டுவேன். ஒரு நகரம் தன் படையைத் தானே தாங்க மயிரிழையில் முடியாது. வெளியே போய்த்தான் ஆக வேண்டும்; ஒரு தங்கச் சுரங்கமாவது பிடித்தாக வேண்டும், அது நாளுக்கு 1,000.

வெளியே நிற்பது காவல். கடின மேப்பின் உண்மையான எதிரி கணினி ஆடும் அரசன் அல்ல, வழியில் அசையாமல் நிற்கும் இந்தக் காவல் கூட்டம்தான். அது வாரத்துக்கு 10 சதவீதம் பெருகும், வட்டிக்கு வட்டி போல. இன்று 100 இருந்தால் நான்கு வாரத்தில் 146, பத்து வாரத்தில் 259, அரை வருடத்தில் 1,190 தாண்டும். உச்சவரம்பு 4,000.

இதில் ஒரு எல்லைக்கோடு இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்காதவர்கள் பல மாதம் காத்திருந்து தோற்கிறார்கள். என் நகரம் வாரத்துக்கு 2 ஆர்க்கேஞ்சல் தருகிறது. வழியில் 20 ஆர்க்கேஞ்சல் நின்றால் அதுவும் வாரத்துக்கு 2 பெருகும், இருவரும் சமம். 20-க்குக் கீழே என்றால் காத்திருப்பது எனக்கு லாபம். 50 நின்றால் அது வாரத்துக்கு 5 கூடும், நான் 2 கூடுவேன். அந்த 5-இன் விலை 25,000 தங்கம், 15 ரத்தினம், காவலுக்கு இலவசம். அப்படிப்பட்ட காவலை இன்று அடிக்க முடியாவிட்டால், எண்ணிக்கையை மட்டும் நம்பி நாளையும் அடிக்க முடியாது. மந்திரமோ, ஹீரோவின் தாக்குதல் திறனோ, வேறு வழியோ வேண்டும். ஹீரோவின் திறன் எவ்வளவு கொடுக்கும் என்பதற்கு ஒரு எண்: தாக்குபவரின் தாக்குதல், எதிரியின் தற்காப்பைவிட ஒவ்வொரு புள்ளி கூடும்போதும் அடி 5 சதவீதம் கூடும், 300 சதவீதம் வரை. ஹீரோவின் உதவி இல்லாத ஒரு ஆர்க்கேஞ்சல் ஒரு பிளாக் டிராகனைக் கொல்ல 5 அடி வேண்டும். தாக்குதல் 20 உள்ள ஹீரோவின் கீழ் அதே ஆர்க்கேஞ்சலுக்கு 3 அடி போதும்.

காவலின் எண்ணிக்கையை ஆட்டம் நேராகச் சொல்வதும் இல்லை. 'ஹோர்டு' என்றால் 50 முதல் 99. 'லீஜன்' என்றால் 1,000-க்கு மேல் எதுவும். 50 பேரோடு தொடங்கிய ஹோர்டு ஏழு வாரம் கழித்து 97 ஆகும்; திரையில் அப்போதும் அதே ஹோர்டு. ஏறக்குறைய இரண்டு மடங்கு பெருகியதை அந்தச் சொல் மறைத்துவிடும். எடிட்டரில் 'பெருகாது' என்று ஒரு பெட்டி உண்டு. நல்லெண்ணம் உள்ள மேப்காரர்கள் அதை டிக் செய்திருப்பார்கள். 'ஒருபோதும் ஓடாது' என்ற பெட்டியை மட்டும் டிக் செய்தவர்களும் உண்டு.

இப்போது நடை. ஹீரோவின் ஒரு நாள் நடை, படையில் மிக மெதுவானவரைப் பொறுத்தது. வேகம் 4 உள்ள ஈட்டிக்காரர் ஒருவர் இருந்தால் 1,560 புள்ளி. எல்லாரும் 11 அல்லது அதற்கு மேல் என்றால் 2,000. புல்தரையில் நேராக ஒரு கட்டத்துக்கு 100 புள்ளி, சதுப்பில் 175, கல் பாவிய சாலையில் 50. ஈட்டிக்காரரோடு புல்தரையில் நாளுக்கு 15 கட்டம். மேப்பின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு 10 நாள். அவரை வீட்டில் விட்டுவிட்டு வேகமானவர்களோடு போனால் 8 நாள். இரண்டு நாள் லாபத்துக்குச் செலவு ஒன்றுமில்லை.

பெரிய லாபம் சங்கிலியில் இருக்கிறது. மதுக்கடையில் ஒரு ஹீரோ 2,500 தங்கம். கூடுதலாக மூன்று பேரை 7,500-க்கு எடுத்து வழியில் முன்கூட்டியே நிறுத்தி வைத்தால், முதல் ஹீரோ 15 கட்டம் நடந்து படையை இரண்டாமவரிடம் கொடுப்பார், அவர் மூன்றாமவரிடம், அப்படியே நான்காமவர். ஒரே நாளில் படை 60 கட்டம் போகிறது. மீதி 84 கட்டத்தை நான்காமவர் ஆறு நாளில் நடப்பார். பத்து நாள் பயணம் ஏழு நாளில் முடிகிறது, 3 நாள் மிச்சம். ஒரு நாளுக்கு விலை 2,500 தங்கம், அதுவும் முதல் தடவைக்கு மட்டும். அடுத்த பயணத்துக்கு அதே மூன்று பேர் இருக்கிறார்கள். மறுபக்கம், ஒரு நாள் தாமதித்தால் என்ன இழப்பு? கேப்பிடல் உள்ளவருக்கு 4,000 தங்கம் மதிப்புள்ள நாள் அது. 50 ஆர்க்கேஞ்சல் காவலை எதிர்நோக்கியிருப்பவருக்கு, வாரத்துக்கு 25,000 என்ற கணக்கில் நாளுக்கு 3,500-க்கும் மேல் எதிரி பக்கம் ஏறுகிறது. 2,500-க்குக் கிடைக்கும் சரக்கை விட்டுவிட்டு, முதல் ஹீரோவையே எல்லாவற்றுக்கும் ஓடவிடுகிறவர்கள்தான் இம்பாசிபிள் மேப்பை முடிக்க முடியாது என்கிறார்கள்.

இதே கண்ணோடு பார்த்தால் அஜூர் டிராகன் மேல் இருக்கும் மயக்கமும் தெளியும். 1,000 உயிர்ப்புள்ளி, 30,000 தங்கம், 20 பாதரசம். கேப்பிடலின் ஏழரை நாள். அதே 30,000-க்கு 6 ஆர்க்கேஞ்சல் வாங்கலாம், 1,500 உயிர்ப்புள்ளி. டிராகனின் பலம் வேறு வகை, தனியாக வேகமாகப் போகும், தாக்குதலும் தற்காப்பும் ஐம்பது ஐம்பது. காவலே இல்லாத நெடுவழிக்கு அது தேவையில்லை. ஒரே அடியில் தீர வேண்டிய சண்டைக்குத் தேவை.

நெக்ரோமான்சி பற்றியும் ஒரு வரி. 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு வரை உயர்நிலை நெக்ரோமான்சி, இறந்த எதிரிகளில் 30 சதவீதத்தை எலும்புக்கூடாக எழுப்பித் தந்தது. 400 பேரைக் கொன்றால் 120 எலும்புக்கூடு, ஒன்று 60 தங்கம் வீதம் 7,200 இலவசம். ஹார்ன் ஆஃப் தி அபிஸ் செய்தவர்கள் இதைப் பாதியாக வெட்டினார்கள். சரியாகத்தான் செய்தார்கள்.

கடைசியாக கிரெயில். மேப்பில் சிதறிக் கிடக்கும் தூண்களைப் பார்த்துப் பார்த்து அது புதைந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். தோண்டுவதற்கு ஹீரோ அன்று ஓர் அடியும் நடந்திருக்கக் கூடாது. தோண்டினால் அந்த நாள் அங்கேயே முடிந்துவிடும். கொண்டுவந்து நகரத்தில் கட்டினால் நாளுக்கு 5,000 தங்கம், படைப்பிறப்பு 50 சதவீதம் கூடுதல். கேப்பிடலுக்கு மேல் இன்னொரு கேப்பிடல், கட்டடச் செலவு 0. தோண்டும் நாளைக் கூட்டிப் பார்த்து யோசிக்க இதில் ஒன்றுமில்லை. போகிற வழியில் தூணைக் கண்டால் இரண்டு கட்டம் சுற்றிப் போய்த் தொட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.